ஒற்றை லாரியை வைத்து அமெரிக்காவில் தொழில் செய்வது: செட்டிநாட்டுத் தம்பிகளுக்குச் சில கணக்குகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்திருக்கும் தம்பிகள் பலர், சொந்தமாக ஒரு லாரி வாங்கி ஓட்டினால் கட்டுபடியாகுமா என்று கேட்டு வருகிறார்கள். இப்போது நான் விடுமுறைக்குக் கண்டனூர் வந்திருப்பதால் நேரிலேயே வந்து கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கட்டுபடியாகும் என்பதே என் பதில். ஆனால் சந்தை விழுந்து கிடக்கும் காலத்தில், தன் வண்டி ஒரு மைல் ஓடுவதற்கான அடக்கவிலை என்ன என்பதைச் சென்ட் கணக்கில் தெரிந்து வைத்திருப்பவருக்கும், வண்டியின் மேல் பெருங்கடன் இல்லாதவருக்கும் மட்டுமே அது கட்டுபடியாகும்.

முதலில் தகுதி. 2022 பிப்ரவரியிலிருந்து, புதிதாக வணிக ஓட்டுநர் உரிமமான சிடிஎல் எடுப்பவர்கள் அரசுப் பதிவு பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 2025 ஜூன் மாதத்திலிருந்து, சாலைச் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லவும் பலகைகளைப் படிக்கவும் இயலாத ஓட்டுநரை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு உரிமம் வழங்கும் விதிகளும் அதே ஆண்டிலிருந்து இறுகியுள்ளன. ஆகவே எச்1பி விசாவில் இருந்துகொண்டு இந்தத் தொழிலை யோசிப்பவர்கள், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட முன்பணம் கட்ட வேண்டாம்.

சந்தையின் போக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில், குறிப்பாக 2021இல், லாரிக்குக் கிடைக்கும் சரக்கு வாடகை உச்சத்துக்குப் போனது. அதைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் பழைய வண்டிகளைக்கூடக் கொள்ளை விலைக்கு வாங்கினார்கள். 2022இல் வாடகை சரியத் தொடங்கிய அதே சமயத்தில் டீசல் கேலனுக்கு 5 டாலர் 70 சென்ட்டைத் தாண்டியது. 2023இல், ஏறத்தாழ நூறாண்டு நடந்த யெல்லோ நிறுவனமும், பெரும் முதலீட்டுடன் தொடங்கப்பட்ட சரக்குக்காரருக்கு லாரி பிடித்துத் தரும் கான்வாய் என்ற இணையவழிப் புரோக்கர் நிறுவனமும் மூடப்பட்டன. பெரிய நிறுவனங்களே தாக்குப்பிடிக்காத இடத்தில் ஒற்றை வண்டிக்காரர்கள் சிலர் நின்றார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய அடக்கவிலை குறைவாக இருந்ததுதான்.

அந்த அடக்கவிலையை எப்படிப் போடுவது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கீழே வரும் எண்கள் உதாரணத்துக்காகப் போட்டவை; உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதத் தவணை 2,200 டாலர், காப்பீடு 1,300 டாலர், நிறுத்துமிடம், ஓட்டும் நேரத்தைக் குறிக்கும் மின்னணுப் பதிவுக் கருவி, கணக்காளர் கட்டணம் எல்லாம் சேர்த்து 400 டாலர். வண்டி ஓடினாலும் நின்றாலும் இந்த 3,900 டாலர் போய்க்கொண்டே இருக்கும். மாதம் 9,000 மைல் ஓடினால் மைலுக்கு 43 சென்ட் ஆகிறது. டீசல் கேலன் 3.70 டாலர் என்றும், கேலனுக்கு வண்டி 6.5 மைல் தருகிறது என்றும் வைத்தால் எரிபொருள் 57 சென்ட். டயர், பழுது, ஆயில் ஆகியவற்றுக்கு 20 சென்ட், சுங்கத்துக்கு 3 சென்ட் ஒதுக்குங்கள். ஓட்டுநராகிய உங்கள் சம்பளம் 65 சென்ட். பலர் இந்தக் கடைசி வரியை எழுதுவதே இல்லை. மீதி இருப்பதெல்லாம் தன்னுடையதுதானே என்கிறார்கள். அப்படி எழுதாதவர் முதலாளி என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை பார்க்கிறார். எல்லாம் கூட்டினால் மைலுக்கு 1.88 டாலர். ஏடிஆர்ஐ என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட தொழில்துறைச் சராசரி மைலுக்கு 2.27 டாலர் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது சந்தை மந்தமாகி மாதம் 7,000 மைல்தான் ஓட முடிகிறது என்று வையுங்கள். நிலையான செலவு மட்டும் மைலுக்கு 56 சென்ட்டாக ஏறி, அடக்கவிலை 2.01 டாலர் ஆகிவிடும். வாடகை குறையும் நேரத்தில்தான் இந்த ஏற்றமும் வரும். அதே வண்டியைத் தவணையில்லாமல், கையிலிருந்த பணத்துக்குப் பழைய வண்டியாக வாங்கியிருந்தால், நிலையான செலவு 1,700 டாலராக நின்று, 7,000 மைலிலும் அடக்கவிலை 1.69 டாலர்தான் ஆகும். பழைய வண்டிக்குப் பழுதுச் செலவு மைலுக்குப் பத்து சென்ட் கூடினாலும், கடனில் வண்டி வாங்கியவர் நிறைய ஓடிச் சம்பாதிப்பதைவிட இவர் குறைவாக ஓடி நிம்மதியாக இருப்பார்.

கடன் என்றதும் நம் ஊர் விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பணத்துக்காக ஆத்தாளின் நகையை அடகு வைப்பது, பங்காளிகளோடு சேர்ந்த வீட்டில் தன் பங்கின் பேரில் கடன் வாங்குவது, நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கைமாற்று வாங்குவது ஆகியவை நடக்கின்றன. நூற்றுக்கு இரண்டு என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. எந்த வாடகைச் சந்தையும் ஒற்றை லாரிக்கு அந்த வட்டியைக் கட்டும் அளவுக்கு நீடித்து லாபம் தராது. ‘ஓட்டிக்கொண்டே வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்’ என்று கம்பெனிகள் தரும் குத்தகை-கொள்முதல் ஒப்பந்தங்களிலும் அதே ஆபத்துதான். வாராவாரம் பிடித்தம் போகும், வண்டி மட்டும் பெரும்பாலோர் கைக்கு வந்து சேர்வதில்லை. இதை ஆராய்ந்த அமெரிக்க மத்திய அரசின் பணிக்குழு 2025 ஜனவரியில் இவற்றைத் தடை செய்யவே பரிந்துரைத்தது.

புதுவயல் தம்பி ஒருவர், “அண்ணே, மைலுக்கு மூன்று டாலர் வருகிற லோடை மட்டும் எடுத்தால் போதாதா?” என்று கேட்டிருந்தார். அவர் ஊர் அரிசி ஆலைகளில் லோடு ஏற்றும் லாரிக்காரர்களைக் கேட்டாலே பதில் கிடைத்திருக்கும்: போகும் வாடகையோடு ரிட்டர்ன் லோடையும் சேர்த்துப் பார்க்காமல் யாரும் வண்டி எடுக்கமாட்டார்கள். அட்லாண்டாவிலிருந்து புளோரிடாவில் உள்ள மயாமிக்கு 660 மைல், 1,900 டாலர் என்று, லாரி தேடும் சரக்குகளின் இணையப் பட்டியலான லோடு போர்டில் வந்தால் மைலுக்கு 2.88 டாலர் ஆகிறது, கண்ணைக் கவரும். ஆனால் புளோரிடாவுக்குள் போகும் சரக்கு அதிகம், வெளியே வரும் சரக்கு குறைவு. காய்கறி, பழங்கள் கிளம்பும் இளவேனில் வாரங்களைத் தவிர மற்ற நாள்களில், 90 மைல் காலியாக ஓடி, 750 டாலருக்கு அட்லாண்டா திரும்ப வேண்டியிருக்கும். மொத்தம் 1,410 மைலுக்கு 2,650 டாலர், அதாவது மைலுக்கு 1.88 டாலர். மேலே போட்ட அடக்கவிலைக்குச் சரியாகிவிட்டது. லாபம் ஒரு சென்ட்கூட இல்லை. அதற்குப் பதிலாக அட்லாண்டா, சார்லட், நாஷ்வில், மறுபடி அட்லாண்டா என்று முக்கோணமாக மூன்று சிறு லோடுகள், 650, 850, 600 டாலருக்குக் கிடைத்தால், 60 காலி மைல் உட்பட 965 மைலுக்கு 2,100 டாலர்; மைலுக்கு ஏறக்குறைய 2.18 டாலர். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிய வாடகை இல்லை. எனவே ஒரு லோடைப் பேசும்போதே அது இறங்கும் ஊரில் மறுநாள் என்ன சரக்கு கிளம்புகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நாடு முழுவதும் சுற்ற ஆசைப்படாமல், ஐந்தாறு மாநிலங்களுக்குள் நன்கு தெரிந்த தடங்களில் ஓடுவதே ஒற்றை வண்டிக்கு நல்லது என்பது என் கருத்து.

டீசல் வாங்குவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய ஓட்டுநர்களிலேயே பலருக்கு இது தெரியாது. மாநில எரிபொருள் வரி, இஃப்டா என்ற ஏற்பாட்டின்படி, நீங்கள் டீசல் வாங்கிய மாநிலத்துக்கன்றி ஓடிய மாநிலத்துக்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்துச் சேர்க்கப்படுகிறது. ஆகவே பம்பில் எழுதியிருக்கும் விலையில் அந்த மாநில வரியைக் கழித்து வருவதே உங்களுக்கு உண்மையான விலை. பென்சில்வேனியாவில் 2024இல் டீசல் வரி கேலனுக்கு ஏறத்தாழ 74 சென்ட், ஒஹையோவில் 47 சென்ட். பென்சில்வேனியா பம்பில் 3.80 டாலரும் ஒஹையோ பம்பில் 3.65 டாலரும் எழுதியிருந்தால், வரி நீக்கிய விலை முறையே 3.06, 3.18 டாலர். எல்லை தாண்டி ‘மலிவு’ பம்பில் டேங்கை நிரப்பியவர் கேலனுக்கு 12 சென்ட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். வேகத்தையும் மணிக்கு 65 மைலுக்குள் வைத்துக்கொண்டால், 75இல் பறப்பவரைவிடக் கேலனுக்கு அரை மைலுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும்.

சொந்தப் பெயரில் சரக்கு ஏற்றும் அனுமதியா, ஒரு கம்பெனியின் அனுமதியின் கீழ் நம் வண்டியை ஓட்டும் லீஸா என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் லீஸ் என்பேன். லாரிப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசின் எஃப்எம்சிஎஸ்ஏ அலுவலகத்தில் அனுமதிக் கட்டணம் 300 டாலர்தான். செலவு காப்பீட்டில் இருக்கிறது. சட்டம் பொதுச் சரக்குக்குக் கேட்பது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு என்றாலும், பெரும்பாலான புரோக்கர்கள் 10 லட்சம் டாலர் காப்பீடும், கூடவே 1,00,000 டாலர் சரக்குக் காப்பீடும் இல்லாமல் லோடு தருவதில்லை. இரண்டாண்டு ஓட்டிய அனுபவம் இல்லாதவர்களுக்குக் காப்பீட்டுக் கம்பெனிகள் முகம் கொடுப்பதே அரிது. அனுமதி வாங்கிய முதல் சில மாதங்களில் பல புரோக்கர்கள் உங்கள் அனுமதி எண் புதியது என்று பார்த்ததுமே மறுத்துவிடுவார்கள். லீஸில் இருக்கும்போது வாடகையில் விழுக்காடு பேசியிருந்தால், அந்த லோடின் வாடகைப் பில் நகலைக் காட்டும்படி கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

புரோக்கர்களைப் பற்றி அதிகம் எழுதினால் கோபம்தான் வரும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு புரோக்கரும் 75,000 டாலர் பிணை வைத்திருக்க வேண்டும், ஆனால் அவர் விழுந்தால் அந்தத் தொகையை எல்லா லாரிக்காரர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். எனவே பணம் எத்தனை நாளில் தருகிறார் என்று விசாரித்துவிட்டே லோடு எடுங்கள். புரோக்கரின் பெயரைத் திருடி லோடு தரும் மோசடி பெருகிவிட்டது. மின்னஞ்சலில் வந்த எண்ணை விட்டுவிட்டு, அரசுப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பில் தொகையை உடனே தரும் ஃபேக்டரிங் கம்பெனிகள் இரண்டு முதல் ஐந்து விழுக்காடு வரை பிடிக்கும். அதையும் அடக்கவிலையில் சேருங்கள். வண்டியைக் காக்க வைத்தால் தரும் பணத்தை நம் ஊரில் ஹால்டிங் என்போம், அங்கே அது டிடென்ஷன். வழக்கமாக முதல் இரண்டு மணி நேரம் இலவசம். அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பது, வாடகையை உறுதிசெய்து புரோக்கர் தரும் ரேட் கன்ஃபர்மேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். கிடங்கில் சரக்குச் சீட்டை நீட்டும்போதே, உள்ளே வந்த நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் அவர்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடச் செய்து, அங்கேயே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்ட முடியும் என்ற விதி இருக்கையில், கிடங்கு வாசலில் ஐந்து மணி நேரம் நின்றால் அன்றைய மைல் போனதுதான்.

கணக்கைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏஜெண்டாகப் போன பெரியவர்கள் மூன்றாண்டுத் தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை போட்டு ஒப்படைத்தார்கள். நீங்கள் மாதம் ஒரு முறையாவது போடுங்கள். வண்டியின் வங்கிக் கணக்கு தனி, வீட்டுக் கணக்கு தனி. டயர், பழுதுக்கென்று ஒவ்வொரு மைலுக்கும் ஒதுக்கிய 20 சென்ட்டை வேறொரு கணக்கில் போட்டுவிட்டுத் தொடாமல் இருங்கள். புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு வண்டி வேகம் குறைந்து ஓரங்கட்டும் நாளில், இழுத்துச் செல்லும் செலவும் பழுதும் ஐந்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். 80,000 பவுண்டு வண்டிக்கு ஆண்டுக்கு 550 டாலர் கனரக வாகன வரி ஆகஸ்ட் இறுதிக்குள் கட்ட வேண்டும். சுயதொழில் வரி 15.3 விழுக்காடு, வருமான வரியோடு சேர்த்து இதை ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாகக் கட்டுவதால், வரும் பணமெல்லாம் கைப்பணம் என்று எண்ணிவிடாதீர்கள்.

வீட்டை விட்டு இரவு வெளியே தங்கும் நாளுக்கு, 2024 அக்டோபரிலிருந்து 80 டாலர் உணவுப்படி கணக்கிட்டு, அதில் 80 விழுக்காட்டை வருமானத்திலிருந்து கழிக்கலாம். உணவு பில் காட்டத் தேவையில்லை, பயணத்துக்கான பதிவு இருந்தால் போதும். வண்டியில் ஒரு சிறு ரைஸ் குக்கரும், ஆச்சி கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியும், வற்றலும் இருந்தால் செலவு ஐந்து டாலருக்குள் முடிந்துவிடும், கழிவு மட்டும் அப்படியே கிடைக்கும். சாப்பாடும் நன்றாக இருக்கும்.

கனடா போகும் தம்பிகளுக்கு: ஒன்டாரியோவில் டிரெய்லர் லாரி ஓட்டுவதற்கான ஏஇசட் உரிமத்துக்கு 2017 ஜூலையிலிருந்து கட்டாயப் பயிற்சி உண்டு, ஓட்டும் நேரம் நாளுக்கு 13 மணி. கணக்குப் போடும் முறை ஒன்றுதான், எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்து கேட்டவர்களில் அடுத்த மாதம் கிளம்பும் இருவரும், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி, பிறகே ஏஜெண்டான நம் பழைய வழக்கப்படி, முதல் இரண்டாண்டு ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு ஓட்டட்டும். அந்தக் காலத்தில் எந்தக் கிடங்கில் எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறார்கள், எந்தத் தடத்தில் எந்த மாதம் சரக்கு வற்றுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வாடகை விழுந்து மற்றவர்கள் வண்டியை விற்கும் சமயத்தில் ரொக்கத்துக்கு வாங்க வேண்டும். வாங்கும் முன், எஞ்சினையும் புகை வடிகட்டியையும் விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் பணம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.