புதுப்பிப்பு: கடை பாதியில் ரத்து செய்த ஆண்டுச் சந்தா, பணம் திரும்பி வந்துவிட்டது

வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்த ஓர் ஆன்லைன் கடை, "விதிமீறல்" என்று ஒற்றை வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு என் உறுப்பினர் கணக்கைப் பாதியிலேயே ரத்து செய்தது. மீதிக் காலத்துக்குப் பணம் கிடையாது என்றது.

பலித்தது, சந்தா கட்டிய நாளில் இருந்த விதிமுறைகளைத் தேடி எடுக்கச் சொன்ன யோசனைதான். கடை அந்தப் பக்கத்தை அதற்குள் மாற்றியிருந்தது. இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழையது அப்படியே கிடைத்தது: கடையே ரத்து செய்தால் பயன்படுத்தாத காலத்துக்குப் பணம் உண்டு என்று தெளிவாக இருந்தது. அந்த வரியின் படம், பக்கத்தின் முகவரி, பதிலுக்கு ஒரு கெடு, இவ்வளவையும் வைத்து மின்னஞ்சலில் முறையான புகார் அனுப்பினேன். அதற்கு முன் கடையின் சாட்டில் கேட்டபோதெல்லாம் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். புகார் வேறு பிரிவுக்குப் போனதும் ஒப்புக்கொண்டார்கள்.

சார்ஜ்பேக் (கார்டு கொடுத்த வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்பது) வரை போகத் தேவைப்படவில்லை. ஆனாலும் அதன் கெடுவில் கண் வையுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலும் 120 நாள். கடை இழுத்தடிக்கும்போதும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எதிர்பாராத ஒன்று: கணக்கு ரத்தான பிறகும், கார்டில் கொடுத்திருந்த தானியங்கிப் பணப்பிடிப்பு அனுமதி உயிரோடு இருந்தது. வங்கி ஆப்பில் போய்த் தனியாக நீக்கினேன். கார்டை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். புது எண்ணைக் கடைகளுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவை கார்டு நிறுவனங்களிடம் உண்டு, அதனால் அதை மட்டும் நம்ப முடியாது.