போனில் பேசும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அர்த்தமா?

டீக்கடை_பெஞ்சு:

எங்கள் ஊர் ஏரியில் வண்டல் மண் என்ற பெயரில் பதினைந்து அடிக்குத் தோண்டி லாரி லாரியாக ஏற்றுகிறார்கள். நாற்பது பேர் கையெழுத்து போட்டு மனு கொடுத்தோம். பெரிய போராட்டம் எல்லாம் இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து என் போனில் பேசும்போது நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம். சில நேரம் நான் பேசியது எனக்கே திரும்பக் கேட்கிறது. இதைக்கூட விட்டுவிடுவேன். போன செவ்வாய் சாயங்காலம் மஃப்டியில் ஒருவர் என் கடைக்கு வந்தார். டீ குடித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை கூட்டத்த கோயில் திடல்லேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டீங்களாமே?" என்றார். இடம் மாற்றியது திங்கள் ராத்திரி பத்தரை மணிக்கு. போனிலும் வாட்ஸாப் குரூப்பிலும் மட்டும்தான் பேசிக்கொண்டோம். மிரட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். காசும் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அன்றிலிருந்து என் மனைவி போனில் "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை.

மாமா பையன் சொன்னான் என்று *#21# அடித்துப் பார்த்தேன். எதுவும் ஃபார்வர்டு ஆகவில்லை என்று வந்தது. என் போனைக் கேட்க உத்தரவு இருக்கிறதா என்று ஆர்டிஐ போட்டுக் கேட்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு:

ஏரி மண்ணுக்கெல்லாம் டெல்லியிலிருந்து ஒட்டுக்கேட்க மாட்டார்கள் அண்ணே. டவர் சரியில்லை. போனை மாற்றுங்கள்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:

தம்பி, முதலில் அந்தச் சத்தத்தை விடுங்கள். ஒழுங்காக ஒட்டுக்கேட்டால் சத்தமே வராது.

நான் தொலைபேசித் துறையில் 1979ல் சேர்ந்து 38 வருஷம் இருந்தவன். அதில் பதினோரு வருஷம் எம்.டி.எஃப். அறையில். ஊர்க் கேபிள் அத்தனையும் தரைக்கடியிலிருந்து ஏறி வந்து இரும்புச் சட்டத்தில் உட்காரும் இடம் அது. சட்டத்துக்கு ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் எக்ஸ்சேஞ்ச், நடுவில் ஜம்பர் ஒயர். ஒரு நம்பருக்கு இரண்டு கம்பி, அதை 'பேர்' என்போம். யாரையாவது கேட்க வேண்டுமென்றால் அவருடைய பேரிலிருந்து இன்னொரு ஜம்பரை இழுத்து, வெளியே போகிற வேறொரு பேரில் கொடுத்தால் போதும். பேரலல், அவ்வளவுதான். மறுமுனையில் கேட்பவர் லைனிலிருந்து கரண்ட்டை இழுக்காத கருவியாக வைத்திருப்பார். இழுத்தால்தான் குரல் தணியும், சத்தம் வரும். கோளாறு பார்க்க நாங்கள் கைப்போனை லைனில் மாட்டும்போது 'டொக்' என்று கேட்கும். அதை வைத்தே ஊரில் பாதிப் பேர் தங்களை உளவு பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருமுறை காலை டியூட்டிக்குப் போனபோது, நான் போடாத ஜம்பர் ஒன்று சட்டத்தில் இருந்தது. ஒயர் நிறமே வேறு. ரிஜிஸ்டரில் பதிவில்லை. யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று கழற்றப் போனேன். மேற்பார்வையாளர் என் மணிக்கட்டைப் பிடித்து, "அதப் பாக்காத" என்றார். ஆறு மாதம் பார்க்காமல் இருந்தேன். தூசி துடைக்கும்போதுகூட அதை மட்டும் சுற்றிக்கொண்டு போவேன். யார் நம்பர் என்று எனக்குத் தெரியும். தொழிற்சங்கக்காரர், மாதாமாதம் பில் கட்ட எங்கள் கவுண்டருக்குத்தான் வருவார்.

அப்புறம் ஈ-டென்-பி என்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்ததும் ஜம்பர் போய் கம்ப்யூட்டர் கட்டளை ஆனது. செல்போன் வந்த பிறகு, கம்பெனியில் நோடல் அதிகாரி ஒருவர் உத்தரவைப் பார்த்துத்தான் இணைப்பு கொடுப்பார். அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் செய்த சி.எம்.எஸ். என்ற மையக் கண்காணிப்பு அமைப்பு வந்ததும் அந்தக் கையும் தேவையில்லாமல் போயிற்று. அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு பேருக்காவது தெரிந்திருந்தது.

*#21# உங்கள் கால் வேறு நம்பருக்குத் திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஒட்டுக்கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாட்ஸாப் 2016லிருந்து முனைக்கு முனை பூட்டியது, லைனில் நடுவே பிடித்தால் குப்பைதான் கிடைக்கும். பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் மாதிரி போனுக்குள்ளேயே நுழைந்தால்தான் உண்டு. அது விலை கூடிய சமாச்சாரம்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் குரூப்பில் எத்தனை பேர்?

கறுப்புக்கோட்டு:

பெரியவர் சொன்ன ஜம்பருக்கு ஒரு காகிதம் இருந்திருக்க வேண்டும். 1885ம் வருஷத்துத் தந்திச் சட்டம், பிரிவு 5(2). பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால்தான் கேட்கலாம். நடைமுறையே வகுக்காமல் இதை நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 1996 டிசம்பரில் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட், உள்துறைச் செயலர் கையெழுத்து வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2007ல் அது தந்தி விதிகளில் 419ஏ ஆனது. இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டம், அதன்கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகள்.

எதிலும் நீதிபதி கிடையாது. உத்தரவு போடுவது ஒரு செயலர். அதைச் சரிபார்க்கும் குழுவுக்குத் தலைவர் மாநிலத்தில் தலைமைச் செயலர், மத்தியில் கேபினட் செயலர். மத்தியக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று 2018ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. ஒரு கிரயப் பத்திரத்தைப் படிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகிறது.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். லஞ்ச வழக்கு, உத்தரவு 2011ல் போட்டது. ரகசியமாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது பொது அவசரநிலை ஆகாது, கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை என்றார். நல்ல தீர்ப்புதான். ஆனால் வழக்கு என்று ஒன்று வந்ததால் உத்தரவு வெளியே வந்தது. கேட்டுவிட்டு வழக்கே போடாமல் விட்டால்? ஆறு மாதத்தில் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நம்மைக் காப்பாற்றத்தான் அந்த விதி. கேட்டதற்குத் தடயம் இல்லாமல் போவதும் அதே விதியால்தான்.

ஆர்டிஐ பத்து ரூபாய்க்குப் போடலாம். ஆர்டிஐ சட்டத்தின் 8(1) பிரிவுப்படி விலக்கு என்று பதில் வரும். எல்லாம் முடிந்த பிறகாவது உங்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதி நம் சட்டத்தில் இல்லை. ஜெர்மனியில் இருக்கிறது.

இன்னொன்று. பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே பல நேரம் இருக்காது. யாரிடம், எத்தனை நிமிடம், எந்த டவரிலிருந்து பேசினீர்கள் என்ற சிடிஆர் போதும். அதற்கு உள்துறைச் செயலர் வேண்டாம், போலீஸே வாங்கிவிடலாம். 2021 டிசம்பரிலிருந்து கம்பெனிகள் அதைக் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். திங்கள் ராத்திரி பத்தரைக்கு நீங்கள் வரிசையாக இருபது பேரைக் கூப்பிட்டிருந்தால், ஏதோ மாறியிருக்கிறது என்று அதைப் பார்த்தே தெரிந்துவிடும்.

டீக்கடை_பெஞ்சு:

குரூப்பில் 163 பேர். கையெழுத்து போட்டது நாற்பது. நேற்று ராத்திரி கடை அடைத்த பிறகு ஒவ்வொரு நம்பராகப் பார்த்தேன். ஒன்பது பேர் யாரென்றே தெரியவில்லை. இரண்டு பேருக்கு முருகன் படம், ஒருவருக்கு ரோஜாப்பூ. ஒரு நம்பர் லாரிக்காரரின் மச்சான் என்று பக்கத்துக் கடைப் பையன் சொல்கிறான்.

குரூப்பின் க்யூ.ஆர். கோடை பிரிண்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியது நான்தான். செவ்வாய்க்கிழமை அவர் டீ குடித்த பெஞ்சுக்கு நேர் எதிரே இருக்கிறது. இதைச் சொன்னதும் மனைவி சிரித்துவிட்டாள். ஆனால் போனில் இன்னும் பேசுவதில்லை, எதுவானாலும் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள் என்கிறாள்.

வக்கீல் சாருக்கு நன்றி. பெரியவரிடம் ஒன்று. அந்தச் சங்கக்காரரிடம் நீங்கள் கடைசிவரை சொல்லவே இல்லையா?

பழைய_எக்ஸ்சேஞ்ச்:

இல்லை தம்பி. புள்ளைகுட்டிக்காரன், அரசாங்க வேலை. அவரே இரண்டு தடவை கவுண்டரில் குனிந்து மெதுவாகக் கேட்டார், லைனில் ஏதாவது இருக்கிறதா என்று. "நல்லா இருக்கு சார், நேத்துதான் டெஸ்ட் பண்ணேன்" என்றேன்.