பார்பிக்யூ கன்ட்ரோலர்: ஃபேன் ஓடினால் தெர்மோகப்பிள் ரீடிங் குதிக்கிறது, வைஃபை வந்தால் இறைச்சி ப்ரோப் உளறுகிறது

கேள்வி

கரி அடுப்புக்குக் காற்று ஊதிச் சூட்டை 110 டிகிரி செல்சியஸில் நிறுத்தும் கன்ட்ரோலர். இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) போர்டு, அடுப்பின் உள்சூட்டுக்கு ஸ்டீல் உறை போட்ட கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோக வயர்கள் முனையில் சேர்ந்த சூட்டு சென்சார்), அதைப் படிக்கும் மேக்ஸ்31855 மாட்யூல், இறைச்சிக்குள் குத்த 100 கிலோ ஓம் என்டிசி (சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும்) ப்ரோப் (10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு பின் 25-இல்). 12 வோல்ட் ப்ளோவர் மாஸ்ஃபெட் (எலெக்ட்ரானிக் சுவிட்ச்) வழியாக பிடபிள்யூஎம்மில் (படபடவென்று ஆன்-ஆஃப் செய்து வேகத்தை மாற்றும் முறை) ஓடுகிறது. எல்லாம் ஓர் அலுமினியப் பெட்டிக்குள், பெட்டி அடுப்பின் காலில் திருகி மாட்டப்பட்டிருக்கிறது.

தெர்மோகப்பிள் ப்ரோப்பைக் கையில் பிடித்தால் ரீடிங் ஒழுங்காக வருகிறது. கிரில் கம்பியில் கிளிப் போட்டதும் சில சமயம் ஃபால்ட் (சிப் தரும் பிழை அறிவிப்பு). ஃபால்ட் வராதபோது ஃபேன் ஓடினால் 10, 15 டிகிரி குதிக்கிறது, ஃபேன் நின்றால் அடங்குகிறது.

அடுப்பு நன்றாகச் சூடேறிய பிறகு, அதே இடத்தில் வைத்த தனி தெர்மாமீட்டரைவிட 20 டிகிரி குறைவாகக் காட்டுகிறது. தெர்மோகப்பிள் வயர் எட்டாததால் ஒரு மீட்டர் சாதா செம்பு வயர் சேர்த்திருக்கிறது. அது காரணமாக இருக்குமா?

வைஃபை இணைந்ததும் இறைச்சி ப்ரோப் கண்டபடி காட்டுகிறது. மாட்யூலை மாற்றிப் பார்த்தாலும் இதே கதைதான்.

பதில் 1

மாட்யூல் மேல் பழி இல்லை. மூன்றும் தனித்தனிக் கோளாறு, ஒவ்வொன்றாகப் பிரிங்க.

முதலில் குதிப்பது. தெர்மோகப்பிள் தருவது டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட். 110 டிகிரியில் மொத்தமே 4.5 மில்லிவோல்ட்தான். ஃபேன் கரன்ட்டில் துளி அந்த வழியில் புகுந்தாலும் பத்து டிகிரி போய்விடும். ஸ்டீல் உறை ப்ரோப்புகள் பலவற்றில் உள்முனை உறையோடு சேர்த்தே வெல்டு செய்யப்பட்டிருக்கும். அப்படியானால் உறை கிரில்லைத் தொடும்போது தெர்மோகப்பிளே அடுப்பின் உடம்போடு இணைகிறது. அடுப்பு எங்காவது சர்க்யூட் கிரவுண்டைத் தொட்டால் மேக்ஸ்31855 அதைக் கிரவுண்ட் ஷார்ட் என்று பிடித்து ஃபால்ட் கொடுக்கும். இந்தச் சிப்பில் தெர்மோகப்பிளின் மைனஸ் முனையான டி மைனஸைக் கிரவுண்டில் இணைக்கவே கூடாது. பழைய மேக்ஸ்6675-இல் இணைக்க வேண்டும். அதன் வரைபடத்தைப் பார்த்து இதற்கு வயர் போடுபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

கரன்ட்டை அணைத்து, தெர்மோகப்பிளை மாட்யூலிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து இரண்டு இடம் பாருங்க: ப்ரோப் உறைக்கும் அதன் ஒரு வயருக்கும் இடையே; அடுப்பின் உலோகத்துக்கும் 12 வோல்ட் மைனஸுக்கும் இடையே. இரண்டிலும் பீப் வந்தால் காரணம் கையில்.

ஃபால்ட் வந்தால் சும்மா ‘ஃபால்ட்’ என்று அச்சிடாமல் எந்த பிட் என்று அச்சிடுங்க. பிட் 0 வயர் அறுந்தது, பிட் 1 கிரவுண்ட் ஷார்ட், பிட் 2 சப்ளை ஷார்ட். இது தெரிந்தால் பாதித் தேடல் மிச்சம்.

பதில் 2

20 டிகிரிக்குச் செம்பு வயர்தான் காரணம். தெர்மோகப்பிள் அளப்பது இரண்டு முனைகளுக்கு இடையிலான சூட்டு வித்தியாசத்தை மட்டும்; மறுமுனையின் சூட்டைச் சிப் தன் உள் சென்சாரால் அளந்து கூட்டிக்கொள்கிறது. செம்பைச் சேர்த்ததும் அந்த மறுமுனை மாட்யூலிலிருந்து ஒட்டுப் போட்ட இடத்துக்கு நகர்ந்துவிட்டது, சிப்புக்கு அது தெரியாது. ஒட்டு அடுப்புக்குப் பக்கத்தில் 50 டிகிரியில், போர்டு 30 டிகிரியில் இருந்தால் விடை சரியாக 20 குறையும். அடுப்பு மூட்டிய புதிதில் இரண்டும் ஒரே சூடு, அதனால் பிழை இல்லை. கன்ட்ரோலர் 110 காட்டும்போது உள்ளே 130 இருக்கும்.

கே டைப் நீட்டிப்பு வயரும் கே டைப் கனெக்டரும் போடுங்க, அல்லது நீள வயர் உள்ள ப்ரோப்பே வாங்குங்க. நிறத்தில் ஏமாறாதீங்க: அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ், ஐஇசி (சர்வதேசத் தரம்) முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் கை பிளஸுக்குத்தான் போகும். மாட்யூல் பக்கம் மாறினால் சூடு ஏற ஏற ரீடிங் இறங்கும், உடனே தெரிந்துவிடும். ஒட்டு, மாட்யூல் இரண்டு இடத்திலும் மாறியிருந்தால் ரீடிங் ஏறத்தான் செய்யும், ஆனால் பிழை பெரிதாகும். கண்டுபிடிக்கக் கஷ்டமானது அதுதான்.

பெட்டிக்குள் மாட்யூலை வோல்டேஜ் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீங்க. சிப் சூடாகி, வயர் மாட்டும் டெர்மினல் சூடாகாமல் இருந்தால் அந்த வித்தியாசம் அப்படியே ரீடிங்கில் ஏறும். சிப்பின் உள்சூட்டையும் கூடவே அச்சிட்டுப் பாருங்க.

கேட்டவர்

ப்ரோப் உறைக்கும் வயருக்கும் பீப் வருகிறது. அடுப்புக்கும் 12 வோல்ட் மைனஸுக்கும் பீப் வருகிறது. பெட்டியை அடுப்புக் காலிலிருந்து கழற்றினால் நின்றுவிடுகிறது. ஃபால்ட் வரும்போது பிட் 1.

பதில் 1

அப்படியானால் டிசி ஜாக்கைப் பாருங்க. உலோக உடம்பு ஜாக்கில் வெளிச்சுற்று மைனஸ், அது நட்டு வழியாக அலுமினியப் பெட்டியைத் தொடும். பெட்டியிலிருந்து காலுக்கு, காலிலிருந்து கிரில்லுக்கு, கிரில்லிலிருந்து ப்ரோப்புக்கு. சுற்று முடிந்தது.

பிளாஸ்டிக் உடம்பு ஜாக் போடுங்க. மாஸ்ஃபெட்டைப் பெட்டியில் திருகியிருந்தால் மைக்கா தகடும் பிளாஸ்டிக் வாஷரும் வையுங்க. அடுத்த முறை ப்ரோப் வாங்கும்போது முனை உறையோடு ஒட்டாத வகையைக் கேளுங்க. அது சூட்டுக்குச் சில விநாடி தாமதமாக அசையும், அடுப்பு வேலைக்கு அது பொருட்டே இல்லை.

இதோடு டி பிளஸ், டி மைனஸ் நடுவே 10 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைச் சிப்புக்கு ஒட்டி வையுங்க. மாட்யூலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்க. ஃபேன் முனைகளில் 1என்5819 டயோடு, கோடு போட்ட பக்கம் 12 வோல்ட் பிளஸுக்கு. ஃபேன் கிரவுண்டு வயர் மாஸ்ஃபெட்டிலிருந்து நேராகச் சப்ளைக்குப் போகட்டும், சென்சார் கிரவுண்டோடு வழியில் சேரக் கூடாது.

பதில் 3

இறைச்சி ப்ரோப்பை யாரும் தொடவில்லை. பின் 25 ஏடிசி2-ஐச் சேர்ந்தது (ஏடிசி என்பது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி); இஎஸ்பி32-இல் வைஃபை ஓடும்போது ஏடிசி2 கிடைக்காது. பின் 32 முதல் 39 வரை ஏடிசி1, அங்கே மாற்றுங்க. 34-இலிருந்து மேலே உள்ளவை உள்ளீடு மட்டும், இதற்குப் போதும்.

10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இறைச்சிக்குப் பொருந்தாது. பீட்டா (சூட்டோடு ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண்) 3950 என்றால் ப்ரோப் 25 டிகிரியில் 100 கிலோ ஓம், 60-இல் சுமார் 25, 95-இல் சுமார் 8. மேலே 3.3 வோல்ட்டுக்கு 33 கிலோ ஓம் போட்டால் 60 டிகிரியில் 1.4 வோல்ட், 95-இல் 0.65 வோல்ட், இரண்டும் ஏடிசி ஓரளவு நேராக வேலை செய்யும் பகுதிக்குள். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த இறைச்சி 5 டிகிரியில் 2.9 வோல்ட் தரும். அங்கே இஎஸ்பி32 ஏடிசி வளைந்துவிடும். அந்த முனையும் சரியாக வேண்டுமென்றால் ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சிப் போட்டுவிடுங்க, 16 பிட், இரண்டே வயரில் இணையும்.

பீட்டா மதிப்பை உறைமேல் பார்த்து நம்பாமல், பனிக்கட்டித் தண்ணீர், சுமார் 50 டிகிரி வெந்நீர், கொதிநீர் மூன்றிலும் ஓம் அளந்து, ரெசிஸ்டன்ஸைச் சூடாக மாற்றும் ஸ்டைன்ஹார்ட்-ஹார்ட் சமன்பாட்டில் போடுங்க. கொதிநிலை கடல் மட்டத்தில்தான் 100. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி குறையும். ஸ்டீல் ஊசி மட்டும் நனையட்டும். வயர் நுழையும் வாயில் ஈரம் புகுந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைந்து சூடு அதிகம் இருப்பதாகக் காட்டும்.

பதில் 2

கோடில் ஒன்று, இது பாதுகாப்பு விஷயம். ஃபால்ட் வந்தால் லைப்ரரி தருவது ‘நேன்’, அதாவது எண்ணே அல்லாத மதிப்பு. அது பிஐடியின் (ஃபேன் வேகத்தைக் கணக்கிடும் கட்டுப்பாட்டு முறை) கூட்டல் பகுதிக்குள் ஒரு தரம் போனால் ரீஸ்டார்ட் செய்யும்வரை வெளியே வராது. அதைச் சுழியமாக மாற்றினால் இன்னும் மோசம்: அடுப்பு ஆறிவிட்டது என்று நினைத்து ஃபேன் முழு வேகத்தில் ஊதும், கரி கொழுந்துவிட்டு எரியும். ரீடிங் வந்ததும் நேன் சோதனை. ஆமென்றால் ஃபேன் சுழியம், பிஐடி நிறுத்தம், பஸ்ஸர். விநாடிக்கு ஒரு ரீடிங் எடுத்து, கடைசி ஐந்தின் நடு மதிப்பைக் கொடுத்தால் தனித்த குதிப்பு பிஐடியை அசைக்காது.

ப்ரோப் முனை கம்பியைத் தொடாமல், இறைச்சியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி நிற்கட்டும். ஈர இறைச்சியை ஒட்டிய காற்று குளிர்ந்தே இருக்கும்.

கேட்டவர்

பிளாஸ்டிக் ஜாக் போட்டதும் ஃபால்ட் நின்றது. ஃபேன் முழு வேகத்தில் ஓடினாலும் ஆட்டம் அரை டிகிரிக்குள். இறைச்சி ப்ரோப் பின் 34-க்குப் போய்விட்டது. கே டைப் வயர் வர வேண்டும். இரண்டாவது மேக்ஸ்31855-ஐ அதே பின்களில் சேர்க்கலாமா?

பதில் 1

கடிகார வயரும் டேட்டா வயரும் பொதுவாக இருக்கலாம், சிஎஸ் (எந்தச் சிப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வயர்) மட்டும் தனித்தனிப் பின். இரண்டு சிஎஸ்ஸையும் செட்டப்பின் முதல் வரியிலேயே ஹையாக்கிவிடுங்க, இல்லையென்றால் தொடக்கத்தில் இரண்டு சிப்பும் ஒரே வயரில் பேசும். முனை உறையோடு ஒட்டிய இரண்டு ப்ரோப்பை ஒரே கிரில்லில் வைக்காதீங்க. ஜாக் மாற்றியிருந்தாலும் இரண்டு உறையும் கம்பி வழியாக ஒன்றையொன்று தொட்டு, இரண்டு சிப்பும் பிணைந்துவிடும். இரண்டாவதாவது கட்டாயம் ஒட்டாத வகையாக இருக்கட்டும்.