மாத்திரை வேண்டாம் என்று பிள்ளை சொன்னால்: பக்க விளைவுகளோடு வாழ்ந்த சில குடும்பங்களின் அனுபவங்கள்

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்:

என் மகனுக்கு இருமுனை மனநிலைக் கோளாறு (மனம் மிகுந்த எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) இருப்பதாக மருத்துவர் உறுதி செய்தபோது அவன் எட்டாம் வகுப்பில் இருந்தான். உறக்கமின்றி விடிய விடியப் பேசிய நாட்களையும், அதன் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்த வாரங்களையும் இந்த நோயை அறிந்த குடும்பங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரையைத் தொடங்கிய பிறகு நடந்ததைப் பற்றி எழுதவே விரும்புகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எங்களுக்கு எடுத்துச் சொல்ல அப்போது ஒருவரும் இல்லை.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. பிள்ளை உறங்கினான், பள்ளிக்குத் திரும்பினான், தங்கையோடு பழையபடி சண்டை போட்டான். ஆனால் சில வாரங்களில் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக் கொல்லைப்புறத்தில் துப்பத் தொடங்கினான். வீட்டுக்கு வந்த உறவினர்கள் அதைப் பிடிவாதம் என்றார்கள். அவனுடைய அப்பா அவனைத் தனியே அழைத்துப் போய்ப் பொறுமையாகக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. இரவில் அவன் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். 13 வயதில் அதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டு, எல்லோரும் எழுவதற்கு முன் விரிப்பைத் தானே அலசிப் போட்டு வந்திருக்கிறான்.

சிறுநீரைச் செறிவாக்கி உடம்பில் நீரைத் தக்கவைக்கும் சிறுநீரகத்தின் திறனை லித்தியம் குறைக்கிறது என்றும், அதனால் நிறையச் சிறுநீர் போகிறது, போவதை ஈடுகட்டவே தாகம் எடுக்கிறது என்றும் மருத்துவர் விளக்கினார். மாலைக்கு மேல் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் பலர். மருத்துவர் அதை மிகக் கண்டிப்பாகத் தடுத்தார். நீர் குறைந்த உடம்பில் லித்தியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும், அது ஆபத்து. இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துவிட்டு அவர் மாத்திரையைச் சற்றுக் குறைத்தார். காலையும் இரவும் என்றிருந்ததை இரவு ஒரே வேளையாக மாற்றினார். வகுப்பில் தண்ணீர்ப் புட்டி வைத்துக்கொள்ளவும், கேட்கும்போதெல்லாம் கழிப்பறைக்கு அனுப்பவும் வேண்டி ஒரு கடிதமும் எழுதித் தந்தார். படுக்கை நனைவது படிப்படியாக நின்றது. மாத்திரை துப்புவதும் அதோடு நின்றது. ‘வேண்டாம்’ என்று பிள்ளை சொல்லும்போது அதற்குள் ஒரு பக்க விளைவு ஒளிந்திருக்கக்கூடும் என்பதை எல்லாப் பெற்றோரும் மனத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். லித்தியம் அளவை, கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டால் காலை 9 மணிக்கு இரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரை இருக்குமானால் அதை இரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். நேரம் தவறி எடுத்த இரத்தத்தில் வரும் எண் மருத்துவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை என்று கவலைப்படுகிறார்கள். கையில் இலேசான நடுக்கம் பலருக்கும் வரும், என் மகனுக்கும் வந்தது, கையெழுத்து கோணியது. அதை மருத்துவரிடம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, வாந்தியும் அரைமயக்கமும் சேர்ந்தால் அது நச்சுத்தன்மையின் அறிகுறி. அப்போது அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், விடியட்டும் என்று காத்திராமல், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் ஊர் வெயிலையும் எங்கள் வழக்கங்களையும் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் மாமியார் பேரனுக்காக அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஆடி மாதத்தில் அவன் உப்பில்லாமல் விரதம் இருக்க வேண்டும் என்றிருந்தார். நான் மருத்துவரின் முன் அவரையே உட்கார வைத்தேன். மருத்துவர் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, பேரனின் விரதத்தைத் தாமே இருப்பதாக அம்மனிடம் மாற்றிக்கொண்டார். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். உப்பைக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று குறைக்கவும் வேண்டாம், எப்போதும் சாப்பிடும் அளவே போதும். காய்ச்சலுக்கோ உடல்வலிக்கோ மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை பெரும்பாலும் கலந்திருக்கும். அவை லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். எங்கள் வீட்டில் பாராசிட்டமால் மட்டுமே உண்டு, அட்டையின் பின்புறம் உள்ள எழுத்துகளைப் படிக்காமல் எதையும் கொடுப்பதில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம்.

தைராய்டு பரிசோதனையையும் சிறுநீரகத்துக்கான பரிசோதனையையும் 6 மாதத்துக்கு ஒரு முறை செய்கிறோம். லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வும் மந்தமும் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மனச்சோர்வு திரும்பியதைப் போலவே தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஓர் இரத்தப் பரிசோதனைதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தந்தை:

சகோதரி எழுதியதைப் படித்ததும் என் மகளைப் பற்றி எழுதத் தோன்றியது. அவளுக்கு 15 வயது. எழுச்சி நிலையில் மருத்துவமனையில் சேர்த்தபோது ஓலான்சபின் கொடுத்தார்கள், அது அவளை விரைவாக அமைதிப்படுத்தியது. வீட்டுக்கு வந்த பிறகு பசி தொடங்கியது. இரவு உணவு முடிந்து சிறிது நேரத்தில் மீண்டும் சமையலறைக்குப் போவாள், சாப்பிட்டுவிட்டு அழுவாள். சீருடையை இருமுறை பிரித்துத் தைத்தோம். வகுப்பில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டதாக அவளே என்னிடம் வந்து சொன்னாள். சொன்னாளே என்று நான் நிம்மதி அடைந்தேன். நிறுத்தியதற்காகக் கோபித்திருந்தால் அடுத்த முறை சொல்லியிருக்க மாட்டாள்.

ஓலான்சபின் போன்ற மருந்துகளைத் தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்து, 3 மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது முறை. எங்களிடம் முதல் எண்கள் இருந்ததால், என்ன மாறியிருக்கிறது என்று மருத்துவரால் உடனே பார்க்க முடிந்தது. அவர் ஓலான்சபினைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே அரிப்பிப்ரசோல் என்ற வேறு மருந்தைக் கொண்டுவந்தார். பசி அடங்கியது, ஆனால் வேறொன்று வந்தது. ‘அப்பா, எனக்கு உட்கார ஆசையாகத்தான் இருக்கிறது, கால்தான் விட மாட்டேன் என்கிறது’ என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். எழுச்சி நிலை திரும்பிவிட்டது என்று வீடே அஞ்சியது. மருத்துவர் அவளிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டு, எழுச்சியில் இருப்பவருக்கு உட்காரவே விருப்பம் இருக்காது, இவளுக்கு விருப்பம் இருக்கிறது, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை, ஆகவே இது மருந்தினால் வரும் அமைதியின்மை என்றார். எழுச்சி என்று எண்ணி மருந்தைக் கூட்டியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். அளவைக் குறைத்ததும் சரியாயிற்று. அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் வித்தியாசத்தைக் காட்டியது. எனவே பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதி எடுத்துப் போங்கள், ‘படபடப்பாக இருக்கிறாள்’ என்று சுருக்கிச் சொல்லாதீர்கள்.

உணவில் அவளுக்கு மட்டும் தனியாகப் பத்தியம் வைக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ தயாராக இருக்கும். குளிர்பானம் வாங்குவதை எல்லோருமே நிறுத்தினோம். மாலையில் அவளும் நானும் நடக்கிறோம். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொன்று. வால்ப்ரோவேட் மனநிலையைச் சமன்படுத்தும் நல்ல மருந்துதான் என்றாலும், கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடும் தொடர்புடையது. பிரிட்டனில் 2018 முதல், கருத்தடைக்கான உரிய ஏற்பாடு இல்லாமல் கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடே உண்டு. உங்கள் மகளுக்கு அதை எழுதினால், வேறு வழி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்; கேட்பதை மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பாட்டி:

என் பேரனுக்கு ரிஸ்பெரிடோன் தொடங்கிய சில நாட்களில், ஒரு மாலை நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண்கள் மேலே செருகி நின்றன. பிள்ளைக்கு நினைவு தெளிவாக இருந்தது, வலியில் அழுதான். அக்கம்பக்கத்தார் காற்றுக் கருப்பு என்று திருநீறு கொண்டுவந்தார்கள். நானும் திருநீறு பூசுகிறவள்தான். பூசிவிட்டு, மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அட்டையைப் பார்த்ததும் பணியில் இருந்த இளம் மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. ப்ரோமெத்தசின் ஊசி போட்டார். சிறிது நேரத்தில் கழுத்து நேரானது. இது மருந்து தசைகளை இறுக்குவதால் வருவது, தொடங்கிய முதல் நாட்களில் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம் என்று சொன்னார். அட்டை கையில் இல்லாவிட்டால் வலிப்பு என்று எண்ணி வேறு வைத்தியம் பார்த்திருப்பார்கள்.

சென்னையில் பணிபுரியும் ஓர் இளைஞர்:

நீங்கள் எல்லோரும் பெற்றோராக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பிள்ளையாக இருந்தவன். எனக்கு நோய் வந்தபோது 14 வயது. குவெட்டியபின் போட்ட காலத்தில் காலை முதல் பாடவேளை எனக்கு நினைவிலேயே இல்லை. ஆசிரியர் கேட்பது காதில் விழும், பதில் நாவுக்கு வரும் முன் அவர் அடுத்த மாணவரிடம் போயிருப்பார். மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்தில் போடாமல் இரவு உணவோடு போடலாமா என்று அம்மா மருத்துவரிடம் கேட்டார். அவர் ஒப்புக்கொண்டார், காலை கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. இவ்வளவு சிறிய மாற்றத்துக்காக நான் பல மாதம் காத்திருந்தேன், ஏனென்றால் உறக்கம் வருவது நோயின் பகுதி என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

லாமோட்ரிஜின் எடுப்பவர்கள் வீட்டில் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுவார்கள்; வேகமாகக் கூட்டினால் உயிருக்கே ஆபத்தான தோல் தடிப்பு வரக்கூடும். வால்ப்ரோவேட்டும் சேர்ந்திருந்தால் லாமோட்ரிஜின் உடம்பில் தேங்கும் என்பதால் இன்னும் மெதுவாகப் போவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதியில் தண்ணீர் புகுந்து, மருந்துக்கடைகள் மூடிக் கிடந்தன, என் லாமோட்ரிஜின் மாத்திரைகள் நனைந்து போயின. தண்ணீர் வடிந்த பிறகு பழைய அளவையே உடனே தொடங்கலாம் என்று எண்ணிய அப்பாவிடம், அத்தனை நாள் விடுபட்டால் முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்த வாரங்கள் கடினமாக இருந்தன. அப்போதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்கான மருந்தும் மருந்துச் சீட்டின் நகலும் நீர் புகாத உறையில் அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. மருந்து கிடைக்காமல் மருத்துவரையும் எட்ட முடியாமல் தவிப்பவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசுகிறார்கள்.

பக்க விளைவுகளை எழுத எங்கள் வீட்டில் ஒரு குறிப்பேடு இருந்தது. முதலில் அம்மா எழுதினார்: தூங்கினான், சாப்பிட்டான், எரிந்து விழுந்தான். பிறகு பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார். வால்ப்ரோவேட் எடுத்தபோது தலையணையில் முடி உதிர்ந்து கிடந்ததையும், கணக்குப் போடும்போது மனம் பஞ்சுக்குள் புதைந்ததைப் போல் இருந்ததையும், நண்பர்கள் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வராததையும் நான் எழுதினேன். இவற்றில் ஒன்றுகூட அம்மாவின் பக்கங்களில் இருந்ததில்லை. வெளியே தெரியாதவற்றை அவர் எப்படி எழுத முடியும்? மருத்துவர் அந்தப் பக்கங்களைப் படித்த நாளில்தான், எந்தப் பக்க விளைவைப் பொறுத்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று முதல்முறையாக என்னிடம் கேட்டார். முடி போனாலும் பரவாயில்லை, மனம் மங்குவதுதான் முடியவில்லை என்றேன். அளவு மாறியது அதற்குப் பிறகுதான். இப்போதும் 3 மாதத்துக்கு ஒரு முறை போகும்போது, எடையும் இரத்த அறிக்கையும் பார்த்து முடித்த பிறகு, அவர் அதே கேள்வியைக் கேட்கிறார்.