குடும்பக் காதல் கதைகள் ஒலிநூலாகும்போது: ஒரே குரல் போதுமா?

இரவுவாசகி:
கேட்டு முடிச்ச ஒலிநூல் பத்திக் கொஞ்சம் புலம்பிக்கிறேன். நாலு சகோதரங்க, ஆளுக்கொரு பாகம், ஆளுக்கொரு காதல்னு போற தொடர். நாயகி அத்தியாயத்தைப் பெண் குரல் வாசிக்குது, நாயகன் அத்தியாயத்தை ஆண் குரல். நாயகன் "நீ இல்லாம என்னால முடியாது"ன்னு உருகுறான். அடுத்த வரியிலேயே நாயகியோட அப்பா, அதே தொண்டையில, "மணி என்ன ஆச்சு தெரியுமா?"ன்னு அதட்டுறார். மூடே போச்சு! குடும்பம் இவ்வளவு வர்ற கதைக்கு ஒருத்தரே பத்துப் பேரா பேசுறது வாசிப்பில்ல, மிமிக்ரி. வசனம் முழுக்க ஆளுக்கொரு குரல் வேணும்.

பழைய ரேடியோ:
எனக்கு இதில் உடன்பாடில்லை அம்மா. கதை சொல்வது என்பதே ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதுதான். ராய் டாட்ரிஸ் என்ற நடிகர் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஒரே நூலில் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துக் கின்னஸ் சாதனை படைத்தவர். ஒரு தொண்டைக்குள் ஓர் ஊரே அடங்கும்போது ஒரு குடும்பம் அடங்காதா?

இரவுவாசகி:
ஐயா, அது அரியணைச் சண்டைக் கதை. அங்க யாரும் என் காதுக்குள்ள வந்து கொஞ்சல.

எடிட்டிங் மேஜை:
ரெண்டு விஷயம் குழம்புது. அத்தியாயத்துக்கு ஒருத்தர்னு மாறி மாறி வாசிச்சா அது டூயல். யார் அத்தியாயமா இருந்தாலும் பெண் வசனத்தைப் பெண்ணும் ஆண் வசனத்தை ஆணும் பேசினா அது டூயட். இரவுவாசகி கேட்டு முடிச்ச ஒலிநூல் டூயல். குடும்பக் கதைக்கு அதுதான் ரொம்பச் சிக்கல். நாயகி அத்தியாயத்துல அவங்க அப்பா மெல்லிசா, வறண்டு போய்ப் பேசுவார். நாயகன் அத்தியாயத்துல அதே அப்பா இடி மாதிரி உறுமுவார். ஒரு மனுஷனுக்கு ரெண்டு குரல்!

டூயட் இதைச் சரி பண்ணிடும்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் ரெண்டு பேரும் வேற வேற இடத்துல, வேற வேற நாள்ல தனியா பேசி அனுப்புவாங்க. ஒட்டுறது எங்க வேலை. அண்ணன் தங்கை சண்டையில ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டணும். எதிர்ல ஆளே இல்லாம எதை வெட்டுறது?

இரவுவாசகி:
சேர்ந்து உட்கார வைங்க. அது உங்க செலவுப் பிரச்சினை, என் காதுப் பிரச்சினை இல்ல.

பழைய ரேடியோ:
நான் ரசித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கதையில் நாயகனின் தந்தை எதற்கும் "சரி" என்று மட்டும் சொல்பவர். வாசித்த பெண்மணி அந்தச் சொல்லுக்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு விடுவார், அவ்வளவுதான். தந்தை இறந்து பல அத்தியாயங்கள் கழித்து, நாயகி பிரிந்து போகிறேன் என்கிறாள். நாயகன் "சரி" என்கிறான். அதே மூச்சு. எழுத்தில் அது இல்லை. மகன் அப்பனாகவே மாறிவிட்டான் என்பதை அவர் குரலிலேயே காட்டிவிட்டார். ஆளுக்கொரு நடிகரைப் போட்டால் இது வாய்க்குமா? ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஓரளவு ஒரே மாதிரிதானே பேசுவார்கள்? போனில் அண்ணனைத் தம்பி என்று நினைத்துப் பேசாதவர் உண்டா?

குரல்வளை:
பேச்சுப் பயிற்சி தர்றவன்ங்கற முறையில பெரியவர் கட்சி. பெண் வாசிப்பாளர் நாயகனுக்காகக் குரலைக் கிணத்துக்குள்ள இறக்குறதும், ஆண் வாசிப்பாளர் தங்கச்சிக்காகக் கீச்சுக் குரல் எடுக்கிறதும் வீண். சுருதியைக் கொஞ்சம் தொட்டா போதும். வேகம், எங்க நிறுத்துறாங்க, வாக்கியத்தோட கடைசிச் சொல்லை விழுங்குறாங்களா, இதெல்லாம்தான் ஆளைக் காட்டும். இன்னொண்ணு: தாத்தான்னாலே கரகரன்னு அடிக்குரல் போடுறாங்க. வயசாக ஆக ஆண் குரலோட சுருதி ஏறத்தான் செய்யும். மாதவிடாய் நின்ன பிறகு பெண் குரல் இறங்கும். கடைசியில தாத்தாவும் பாட்டியும் நெருங்கி வந்துடுவாங்க. இதைச் சரியா பண்ற வாசிப்பாளர் ரொம்பக் குறைவு.

வேகம்175:
நான் எப்பவும் 1.75 வேகத்துலதான் கேப்பேன். மூச்சாவது ஒண்ணாவது.

பழைய ரேடியோ:
தம்பி, உங்களுக்குக் கதைச்சுருக்கமே போதும்.

இரவுவாசகி:
அந்த "சரி" நல்லாத்தான் இருக்கு, மறுக்கல. ஆனா அது நல்ல வாசிப்பாளர் கிடைச்சதால வந்தது, ஒரே குரலா இருந்ததால இல்ல. சராசரி ஆள் கையில மாட்டின கதைகளை யோசிங்க. ஆங்கிலத்துல ஒரு மணி நேர ஒலிக்குச் சுமார் 9,300 சொல்னு கணக்கு. 90,000 சொல் நாவல்னா பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அவ்வளவு நேரமும் அம்மா, அத்தை, நாயகி மூணு பேரும் ஒரே ஆளாக் கேட்டா, யார் யாரைத் திட்டுறாங்கன்னு கண்டுபிடிக்கிறதே வேலையாப் போகுது.

எடிட்டிங் மேஜை:
தொடர்ல இதைவிடப் பெரிய தலைவலி இருக்கு. முதல் பாகத்துல கடைசித் தம்பி ரெண்டு வரிக்கு வந்து ஜோக் அடிச்சுட்டுப் போவான். வாசிப்பாளர் வேடிக்கையா மூக்கால பேச வைப்பார். நாலாம் பாகத்துல அவன்தான் நாயகன்! பத்து மணி நேரம் மூக்கால காதலிக்க முடியுமா? விவரமான வாசிப்பாளர்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மாதிரி ஒலித்துண்டு எடுத்து வெச்சுக்குவாங்க, அடுத்து யாருக்குக் கதை வரப்போகுதுன்னு எழுத்தாளர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்குவாங்க. கேக்காதவங்க மாட்டிக்குவாங்க.

இரவுவாசகி:
அதுக்குத்தான் சொல்றேன், நாலாம் பாகத்துக்கு அவனுக்குன்னு வேற ஆளைப் போடுங்க.

பழைய ரேடியோ:
போட்டால், மூன்று பாகம் கேட்டுப் பழகிய தம்பி எங்கே போனான் என்று முதலில் கேட்கப்போவது நீங்கள்தான்.