மலைப்பாதையில் மின்வண்டி: மனசை விட்டுப் போகாத ஓர் அனுபவம் சொல்லுங்கள்

சிறுமுகைக்காரன்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் குஞ்சப்பனை ரோடு தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். பலாப்பழ சீசன். சென்னையிலிருந்து கிளம்பி, சேலத்தில் ஒருமுறை, அவினாசியில் ஒருமுறை சார்ஜ் போட்டு, மேட்டுப்பாளையம் தாண்டவே பொழுது சாய்ந்துவிட்டது. பின் சீட்டில் அம்மாவும் தங்கச்சியும். கோத்தகிரியில் அறை போட்டிருந்தோம்.

சோதனைச்சாவடி தாண்டிச் சில வளைவுகள். ஒன்றில் திரும்பினால் ரோட்டோரம் பெண் யானை, எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. பக்கத்தில் குட்டி. தாய் பலாவை முன்காலால் மிதித்துப் பிளந்து சுளையை எடுத்துக்கொண்டிருக்கிறது. டீசல் வண்டியாக இருந்தால் இரண்டு வளைவுக்கு முன்பே அதற்குத் தெரிந்திருக்கும். எங்கள் வண்டி சத்தமே இல்லாமல் கிட்டப் போய் நின்றது. நடுவில் ஒரு பஸ் நிறுத்தும் இடம்கூட இல்லை. வால் நுனி முடி தனித்தனியாகத் தெரிகிறது. அது திரும்பவே இல்லை, காதை மட்டும் வீசிக்கொண்டே இருக்கிறது.

ரிவர்ஸ் போட்டேன். போட்டால் வண்டி தானாகவே ‘ஊம்ம்’ என்று ஓர் ஒலி எழுப்பும் இல்லையா, நடந்து போகிறவர்களுக்காக வைத்தது. அந்த ஒலி வந்த அதே நொடியில் வீசிக்கொண்டிருந்த இரண்டு காதும் விரிந்தபடியே நின்றுவிட்டன. குட்டியை வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு, உடம்பை முழுசாகத் திருப்பி எங்களைப் பார்த்தது. அம்மா என் தோளைப் பிடித்த பிடியை விடவே இல்லை. வளைவு மறைக்கும் வரை மெதுவாகப் பின்னால் வந்தேன். அது துரத்தவில்லை.

எங்கள் சத்தம் முதலிலேயே கேட்டிருந்தால் குட்டியைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கிப் போயிருக்குமா? காட்டுக்குத் தொந்தரவு இல்லாத வண்டி என்று நம்பித்தான் இதை வாங்கினேன். இப்போது அந்த ரோட்டை நினைத்தாலே இந்தக் கேள்விதான் வருகிறது. மலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர் மழை

யானைக்குக் காது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள் சார். தும்பிக்கையால் மோப்பம் பிடிக்கும், தரையின் அதிர்வைப் பாதத்தாலேயே உணரும். காற்று அது நின்ற பக்கமிருந்து உங்களை நோக்கி அடித்திருந்தால் வாசனை போயிருக்காது, அவ்வளவுதான். இன்ஜின் சத்தம் கேட்டால் ஒதுங்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் சத்தத்துக்குப் பழகிப்போய் லாரியை மறித்து நிற்கிற யானைகளும் உண்டு.

எனக்கு நடந்தது வேறு மாதிரி. பந்திப்பூர் ரோட்டை இரவு 9 மணிக்கு அடைத்துவிடுவார்கள் என்று மைசூரிலிருந்து அவசரமாக வந்துகொண்டிருந்தோம். தெப்பக்காட்டுக்கு முன்னால் யானைக் கூட்டம் ஒன்று கடப்பதற்காக வனத்துறையினர் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்தார்கள். எங்களுக்கு அணைக்கவே ஒன்றும் இல்லை. யானை புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண் போகத் தன் காலிலேயே தட்டும். தட், தட் என்று அந்தச் சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து யானையைப் பார்க்கிறேன், அதைக் காதால் கேட்டது அன்றைக்குத்தான். அதனால் சத்தம் வேண்டும் என்று யாரும் கேட்காதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், பொழுதோடு போய்ச் சேருங்கள்.

வெலிங்டன் வாசி

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறக்கம், பர்லியாறுக்குப் பக்கம். பிரேக் சூடு ஆறட்டும் என்று போலீஸ்காரர் வெளியூர் வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற வேனின் சக்கரத்திலிருந்து புகையே வந்தது, அந்தக் கருகல் வாசனை உங்களுக்குத் தெரியும். என்னிடம் வந்து, “செகண்ட் கியர்லயே இறக்குங்க சார்” என்றார். இதில் கியரே கிடையாது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பிப் போகும் என்று சொன்னேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்பவில்லை. குனிந்து, கையைத் திருப்பி, புறங்கையை முன் சக்கரத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்புறம் தொட்டே பார்த்தார். பின் சக்கரத்துக்குப் போய் அதையும் தொட்டார். எதிர்ப்பக்கம் நின்ற இன்னொரு காவலரைக் கூப்பிட்டு, “இங்க வந்து தொட்டுப் பாரு” என்றார். இருவரும் என் வண்டியைச் சுற்றிவந்து நாலு சக்கரத்தையும் தொட்டார்கள். குன்னூரில் 61 சதவீதம் காட்டிய பேட்டரி மேட்டுப்பாளையத்தில் 68 ஆகியிருந்தது. அதைவிட அந்தப் புறங்கைதான் எனக்கு மறக்கவில்லை. வருஷக்கணக்காக இந்த மலையில் பிரேக் போய் எத்தனை வண்டிகள் உருண்டிருக்கின்றன என்று பார்த்த மனிதர் அவர்.

பூம்பாறை ப்ரியன்

கொடைக்கானலையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மன்னவனூர் போய்த் திரும்பும்போது பூம்பாறையில் தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டில் தங்கினோம். 15 ஆம்பியர் பிளக் இருந்தது. சொருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. எர்த் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கரண்ட் வருகிறது, பல்பு எரிகிறது, ஆனால் எர்த் சரியில்லாவிட்டால் இந்தச் சார்ஜர் ஒரு சொட்டும் எடுக்காது. மலைக் கிராமங்களுக்குப் போனவர்களுக்கு இது புதுசு இல்லை.

வீட்டுப் பெரியவர் பூண்டு விவசாயி, எழுபது வயது இருக்கும். என்ன வேண்டும் என்று கேட்டார். எர்த் என்றேன். ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். கொடியை விலக்கினால் எர்த் குழி, காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. ஒரு கை கல்லுப்பைப் போட்டார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மண் குடித்துக்கொண்டே இருந்தது. என் பையன் சார்ஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. பச்சை!

காலையில் பணம் கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார். கட்டாயப்படுத்தியும் வாங்கவில்லை, பதிலுக்கு ஒரு பை மலைப்பூண்டைக் கையில் திணித்தார். சரியாகச் செய்யவில்லையோ என்று இன்னமும் உறுத்துகிறது.

நெடுஞ்சாலை நாயகம்

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் சின்னது: ஊட்டியில் மே மாதம் ஒரே ஒரு சார்ஜரில் ஐந்து வண்டி வரிசை, சார்ஜ் முடிந்த பிறகும் ஒருவர் காரை எடுக்காமல் படகு சவாரிக்குப் போய்விட்டார், எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தோம். அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவற்றில் சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும். வெலிங்டன் வாசி சொன்னது உண்மை, ஆனால் பாதி உண்மை. மேலே இரவு முழுக்கப் போட்டு 100 ஆக்கிவிட்டு இறங்கினால் திரும்பி வரும் சக்திக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. அப்போது மோட்டார் பிடிக்காது, வெறும் பிரேக்தான், உங்கள் சக்கரமும் அந்த வேன் மாதிரியே புகையும். அதனால் மலை உச்சியில் 80-க்கு மேல் ஏற்றாதீர்கள். ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் பேட்டரி குளிர்ந்து கிடக்கும்போதும் முதல் சில கிலோமீட்டருக்கு அந்தப் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும். இதை அவர் எழுதாமல் விட்டது சரியில்லை, படித்துவிட்டுப் புதிதாக வாங்கியவர் யாராவது அப்படியே நம்பி இறங்குவார்.

ஏற்றத்துக்கு ஒரு கணக்கு. ஆளும் மூட்டையும் சேர்த்து 1,800 கிலோ என்று வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே 9 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஐம்பது கிலோமீட்டர் ஓடுவதற்கு இன்னொரு 6, 7 யூனிட். ஆக 40 யூனிட் பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு மலையே சாப்பிட்டுவிடும். திரையில் காட்டும் கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டியதை வைத்துப் போட்ட கணக்கு, அதை நம்பி அடிவாரத்தில் சார்ஜ் போடாமல் ஏறாதீர்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்தபடி சார்ஜ் போடாதீர்கள், முழுக்க விரித்துப் போடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த வயர் வேண்டவே வேண்டாம், ரொம்ப நேரம் ஓடினால் உருகும். கேட்டதும் பிளக் கொடுத்தார்கள் என்று சந்தோஷப்படுவதற்கு முன் பத்து நிமிஷம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம் பூம்பாறை ப்ரியன் கவனத்துக்கு. எர்த் குழி மோட்டார் கொட்டகைப் பக்கம் என்றால் லைனும் பம்புசெட் லைனாக இருக்கலாம். விவசாய இணைப்புக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் கார் சார்ஜ் போடுவது தப்பு. மாட்டினால் அந்தப் பெரியவருக்குத்தான் அபராதம். இதையெல்லாம் பெருமையாக எழுதக்கூடாது.

பூம்பாறை ப்ரியன்

நாயகம் சார், மோட்டார் கொட்டகை என்று நான் எங்கே எழுதினேன்? வீட்டுக்குப் பின்னால் என்றுதான் எழுதியிருக்கிறேன். வீட்டு இணைப்பு, வீட்டு மீட்டர், வராந்தாவில் இருக்கிறது. எழுதாததைப் படித்துவிட்டு, ஊர் பேர் தெரியாத ஒரு பெரியவரைத் திருட்டு மின்சாரம் வரைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

என் உறுத்தலே வேறு. அப்போது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த மாதிரி வீட்டில் அதற்குள்ளேயே முடிந்துவிடும், பில்லே வராது. நான் ஒரே ராத்திரியில் 25 யூனிட் எடுத்தேன். என்னால் அந்த வீட்டுக்குப் பில் வந்திருக்கும். தொகை சின்னதுதான். ஆனால் அது அவருக்கு எதற்கு?

நெதர்லாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை மின்காரிலேயே போன வீபே வாக்கர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016-ல் கிளம்பி 2019-ல் சிட்னி சேர்ந்தார். வழியில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை, சார்ஜ் எல்லாம். அதைப் படித்தபோது அழகாக இருந்தது. பூம்பாறைக்குப் பிறகு, கொடுத்தவர்களுக்கு அந்த மாதம் எவ்வளவு பில் வந்திருக்கும் என்றுதான் யோசனை ஓடுகிறது.

பீளமேடு ரைடர்

இரண்டு சக்கரமும் இங்கே செல்லும் என்று நினைக்கிறேன். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறினேன், மின் ஸ்கூட்டர், பின்னால் நண்பன். 36 வளைவில் பாதிக்கு மேல் தாண்டியதும் திரையில் மோட்டார் சூடு எச்சரிக்கை, வேகம் தானாக இறங்கிக்கொண்டே வந்து நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. நண்பன் இறங்கி நடந்தான். செங்குத்தில் நிறுத்தினால் பின்னால் உருள்கிறது, கியரில் போட்டு நிறுத்த இதில் வழியில்லை. பிரேக்கைப் பிடித்த கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

எதிரே இறங்கி வந்த உள்ளூர் ஜீப் நின்றது. டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோட்டோரம் கல் ஒன்றைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். “விடுங்க தம்பி, கைய விடுங்க” என்றார். விட்டேன். நின்றது. “பொங்குன ரேடியேட்டர் மாதிரிதான், ஆறட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் ஆறி, மிச்சத்தை ஏறிவிட்டோம். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டில் விடாமல் ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். நண்பன் அடித்துச் சொன்னான், பைக்காரர் யாராவது அதில் ஏறிவிடுவார் என்று.

கேத்தி அக்கா

நான் பிளக் கொடுக்கிற பக்கம். நானும் வீட்டுக்காரரும் நாலு அறை விருந்தினருக்கு விடுகிறோம். மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த 2024-லிருந்து போனில் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் வெந்நீர் உண்டா, இப்போது சார்ஜ் போட முடியுமா.

ஒரு குடும்பம் வந்தது, நல்ல மனிதர்கள்தான். ராத்திரி என்னிடம் கேட்காமல் சமையலறை ஜன்னல் வழியாக வயரை விட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றிவிட்டு அதில் மாட்டியிருக்கிறார்கள். விடியற்காலை பால் காய்ச்ச எழுந்து போகிறேன், சமையலறை முழுக்க பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். சுவிட்ச் பாக்ஸ் வெள்ளை நிறம், பாதி பழுப்பாகிவிட்டது. அருகிலேயே கேஸ் சிலிண்டர். எனக்குக் கத்தக்கூட வரவில்லை. மெயினை அணைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கோபத்தில் இனி மின்கார் விருந்தினரே வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிறவர்கள் வரத்தான் போகிறார்கள், புகை கக்காமல் வருகிறார்களே. எலக்ட்ரீஷியனை வரவழைத்து கார் நிற்கிற ஷெட்டுக்குத் தனி லைன், தனி எர்த், தனி டிரிப்பர், தனி மீட்டர் போட்டுவிட்டோம். பூம்பாறை தம்பி, உங்கள் பெரியவர் வீட்டுக்குத் திரும்பப் போனால் பணமாகக் கொடுக்காதீர்கள், வாங்க மாட்டார். அந்த எர்த் குழியை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து ஒழுங்கு பண்ணிக் கொடுங்கள். எர்த் இல்லாத வீட்டில் ஹீட்டர் போட்டாலும் ஷாக் அடிக்கலாம், அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

எங்களிடம் வருகிறவர்களுக்கு: மீட்டர் கணக்கை வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை சேர்ந்தே பார்ப்போம். ஷெட் சாவி என்னிடம் இருக்கும், இரவு 10 மணிக்குள் கேளுங்கள், நானே வந்து திறந்து விடுகிறேன்.