'தி சூட்கேஸ்' பார்த்த இரவு: நீங்கள் எந்த இடத்தில் நின்றுபோனீர்கள்?

நடுநிசிப் பக்கம்

'மேட் மென்', அறுபதுகளின் நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றைப் பற்றிய அமெரிக்கத் தொடர். நான்காவது சீசன், ஏழாவது எபிசோட். பார்த்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

எல்லோரும் விளம்பரத் தலைமை டானும் அவனுக்குக் கீழே விளம்பர வாசகம் எழுதும் பெகியும் போடும் சண்டையைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அந்தச் செய்திதான். கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்டெபனி கூப்பிட்டாள், அவசரம். என்ன விஷயம் என்று டானுக்குத் தெரியும். ஸ்டெபனியின் அம்மாவுடைய சகோதரி, டானின் நெருங்கிய தோழி ஆனாவுக்குப் புற்றுநோய் என்பது தெரிந்து மாதங்களாகிவிட்டன. திருப்பிக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. அதை விட்டுவிட்டு, சாம்சோனைட் பெட்டிக்கு விளம்பரம் யோசிப்பதே உலகத்தின் தலைபோகிற காரியம் என்பதுபோல் பெகியை உட்காரவைத்து வறுத்தெடுக்கிறான். அன்று அவளுக்கு இருபத்தாறாவது பிறந்தநாள். அது கூட அவனுக்கு நினைவில்லை.

என் கதை இதுதான். ஒரு நாளிதழில் பக்க வடிவமைப்பாளராக இருந்தேன். தீபாவளி இணைப்பிதழ், இருபத்து நான்கு பக்கம், இரவு இரண்டரைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பத்தே முக்காலுக்கு ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். அண்ணன் என்றால் பெரியம்மா மகன். என்னை வளர்த்தது பெரியம்மாதான். பதினைந்து நாளாகப் படுக்கையில் இருந்தார். அண்ணன் அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை.

கைபேசியை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். உள்ளே ஓர் இரும்பு ஸ்கேல் கிடந்தது. அதன்மேல் அது அதிர்கிற சத்தம், தகரத்தில் வண்டு மோதுவதுபோல. ஒன்பது முறை எண்ணினேன். எண்ணிக்கொண்டே ஒரு பட்டுப்புடவைக் கடை விளம்பரத்தில் விலை இருந்த கட்டத்தை இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தினேன். பிறகு வலப்பக்கம் நகர்த்தினேன். யாரும் நகர்த்தச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு மேல்தான் திருப்பிக் கூப்பிட்டேன்.

ஐந்தாறு வருடம் கழித்து இந்த எபிசோடைப் பார்த்தபோது சோபாவிலிருந்து எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டேன். உங்களுக்கு எந்த இடம்?

கோவைக்காரி

எனக்குக் கழிவறை. 'பணம் அதற்குத்தானே!' என்று டான் கத்துவானே, அதைத்தான் எல்லோரும் மீம் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெகி எழுந்து போய்ப் பெண்கள் கழிவறையில் அழுவதை யாரும் பேசுவதில்லை.

பின்னலாடை நிறுவனங்களுக்கு அட்டைப்பெட்டியும் லேபிளும் வடிவமைக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். குழந்தைகள் பனியன் பெட்டிக்கு நான் எழுதிய நான்கு வார்த்தை வாசகம் இன்றும் கடைகளில் தொங்குகிறது. முதலாளி வாடிக்கையாளரிடம், 'காரில் வரும்போது தோன்றியது' என்றார். நான் பக்கத்தில் தேநீர் தட்டோடு நின்றிருந்தேன். மாலையில் அவரிடம் கேட்டேன். 'சம்பளம் வாங்குகிறாய் அல்லவா, அம்மா?' என்றார். கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

அங்கே கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும். அப்படித்தான் அழுதேன். கால் மரத்துப்போனதும் நிறுத்திவிட்டேன். பெகி அழுவதைப் பார்க்கும்போது அந்தக் கால்தான் வலிக்கிறது.

பழைய மேற்பார்வையாளர்

சகோதரியின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் டான் சொல்வதில் பிழையில்லை என்று யாராவது ஒருவர் இங்கே எழுத வேண்டும். அந்தச் சண்டை குளோ-கோட் தரை மெழுகு விளம்பரத்தைப் பற்றியது. விளம்பரத் துறைக்கான கிளியோ விருது வாங்கிய விளம்பரம். பெகி கொடுத்தது விதை. அதைக் கௌபாய் படம்போல ஆக்கி, மக்கள் பார்க்கிற விளம்பரமாகச் செய்தது டான். விதைக்கும் மரத்துக்கும் வித்தியாசம் இல்லையா? நீ யோசனை கொடு, நான் பணம் கொடுக்கிறேன் என்பது ஒப்பந்தம். அவளே 1960இல் அவனிடம் செயலாளராக வந்து சேர்ந்தவள். எழுத்தாளர் நாற்காலியில் உட்காரவைத்தது யார்?

நானும் முப்பத்தொரு வருடம் ஆட்களை வேலை வாங்கியவன். நன்றி சொல்லிப் பழக்கினால் அடுத்த மாதம் சம்பள உயர்வு கேட்பார்கள். இதைச் சொன்னால் என்னைக் கொடுமைக்காரன் என்பீர்கள்.

எலி எங்கே

மன்னிக்கவும், எனக்கு எலிதான். டானின் அறையில் ஓர் எலி ஓடும். பெகி குனிந்து தேடுவாள். எலி போன வழி தெரியாது. நமக்குத் தெரியாத வழி ஒன்று இந்த அறைக்கு இருக்கிறது என்பதுபோல டான் ஏதோ சொல்வான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் வீட்டுச் சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது.

அனுபவஸ்தன்

கோவைக்காரி அவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கும் இதே நடந்தது: ஓர் அறிக்கை எழுதினேன், மேலாளர் பெயரில் போனது, அவ்வளவுதான். அதிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன், இளையவர்களுக்குப் பயன்படும்.

முதலில், எந்த யோசனையையும் வாயால் சொல்லக்கூடாது. மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். 'இன்று காலை தாங்கள் கேட்டபடி' என்று தொடங்கினால் அவர் கேட்டதாகவும் ஆகிவிடும், நீங்கள் கொடுத்ததாகவும் ஆகிவிடும். தேதி போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பக்க எண் அச்சிட்டது என்றால் நல்லது, கிழித்தால் தெரியும். வாடிக்கையாளர் கூட்டத்துக்கு முந்தைய நாளே குழுவில் இரண்டு பேரிடமாவது அதைப் பேசிவிடுங்கள். சாட்சி என்று நினைக்காதீர்கள், காற்றில் இருக்கட்டும். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் சாதனைகள் என்ற கட்டத்தை யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை. அங்கே வாசகத்தை வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். மேலாளர் அதில் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். சம்பளப் பேச்சை ஏப்ரலுக்கு விடாமல் ஜனவரியிலேயே தொடங்குங்கள். இன்னொன்று, கழிவறையில் அழாதீர்கள். வெளியே வந்து ஒரு நடை போய்விட்டு வாருங்கள், இரத்த ஓட்டத்துக்கும் நல்லது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். முடிந்தால் ஒரு மொழி கற்றுக்கொள்ளுங்கள். நான் ஜெர்மன் தொடங்கினேன்.

பெகி இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காத்திருந்தவன்

உணவகத்தில் உட்கார்ந்திருந்த பெகியின் காதலன் மார்க்கைப் பற்றி யாருமே எழுதவில்லை. பெகிக்குச் சொல்லாமல் அவள் குடும்பத்தையே வரவழைத்து மேசையைச் சுற்றி உட்காரவைத்திருக்கிறான். இதோ கிளம்பிவிட்டேன், இதோ கிளம்பிவிட்டேன் என்று அவள் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் அந்தத் தொலைபேசியிலேயே உறவும் முடிகிறது.

என் மனைவி கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தார். எங்கள் முதல் திருமண நாளன்று அவருடைய அப்பா, அம்மா, தங்கை எல்லோரையும் திருச்சியிலிருந்து அழைத்து வந்து உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமனார் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறவர், சர்க்கரை வேறு. ஒன்பதரைக்கு ஒரு சப்பாத்தியைப் பிய்த்து வெறுமனே மென்றுகொண்டிருந்தார். பரிமாறுகிறவர் நாலாவது முறை வந்து, 'இன்னும் ஆள் வர வேண்டுமா, சார்?' என்றார். மாமியார் என்னைப் பார்க்காமல் மெனு அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அவர் வந்தது பத்தே காலுக்கு. விவாகரத்தெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள்.

கோவைக்காரி

பழைய மேற்பார்வையாளர் ஐயாவுக்கு: விதை, மரம் எல்லாம் சரி. ஐயா, பெகி பணம் கேட்கவில்லையே. நீ ஒருநாளும் நன்றி சொல்வதில்லை என்றுதான் சொல்கிறாள். அதற்குத்தான் அவன் பணத்தைக் காட்டுகிறான். கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. ஒரு வார்த்தைக்குச் சம்பள உயர்வு கேட்பார்கள் என்று முப்பத்தொரு வருடம் பயந்திருக்கிறீர்களே.

அனுபவஸ்தன் அவர்களுக்கு: 1965இல் மின்னஞ்சல் இல்லை. நானும் அந்த வேலையை விட்டு ஏழு வருடம் ஆகிவிட்டது. ஜெர்மனுக்கு வாழ்த்துகள்.

வியாசர்பாடி வாசகன்

அந்த இரவு எந்த இரவு என்பதை ஒருவரும் சொல்லாமல் எப்படிப் பேசுகிறீர்கள்? 1965 மே 25. குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலியும் சோனி லிஸ்டனும் இரண்டாம் முறை மோதிய இரவு. மெய்ன் மாகாணத்தில் லூயிஸ்டன் என்ற சின்ன ஊர், அரங்கில் இருந்தவர்கள் வெறும் 2,434 பேர். நியூயார்க்கில் இருந்தவர்கள் திரையரங்கில் நேரடி ஒளிபரப்புக்கு டிக்கெட் எடுத்தார்கள். டானின் அலுவலகமே அங்கேதான் போகிறது. டானும் பெகியும் மதுக்கடை வானொலியில் கேட்கிறார்கள். முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்துவிட்டான். அந்தக் குத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, அதனால் 'மாயக் குத்து' என்றே பெயர் வந்துவிட்டது.

டானுக்கு அலியைப் பிடிக்காது. வாய் அதிகம் என்பான். வாயைத் திறக்காமல் வேலையைப் பார்க்கிற லிஸ்டன்மீதுதான் பந்தயம் கட்டினான். காலையில் பாருங்கள், விழுந்து கிடப்பவன்மேல் அலி நின்று கத்துகிற அந்தப் பத்திரிகைப் படத்தை வைத்தே பெட்டி விளம்பரம் வரைகிறான். நிற்கிற பெட்டி சாம்சோனைட், கிடக்கிற பெட்டி மற்றவனுடையது. தோற்ற பந்தயத்தை விற்றுக் காசாக்குகிறவன்.

அலி 1980இல் சென்னை வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. எனக்கு எட்டு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்தது என்னவென்றால், முன்னால் இருந்த ஒருவரின் குடுமியும், அதற்கு மேலே இரண்டு நொடி ஒரு கையுறையும். அப்பா கீழேயிருந்து 'தெரிகிறதா, தெரிகிறதா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிகிறது என்றேன். வியாசர்பாடியில் குத்துச்சண்டை தெரியாத வீடு இல்லை, இல்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் ஷிப்ட்

நான் செவிலியர். அந்த இரவில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் குடித்திருக்கிறார். பெகியின் பழைய காதலன் டக் வந்து டானின் அறை என்று நினைத்து நிறுவனப் பங்குதாரர் ரோஜர் அறையில் செய்ய முயல்கிற காரியத்தை இங்கே எழுத முடியாது. பெகி டானைக் கழிவறைக்குக் கூட்டிப்போகிறாள், அவன் வாந்தி எடுக்கிறான். இதைப் பார்த்து 'எவ்வளவு அழகான நட்பு' என்று எழுதுகிறார்கள். வாந்தி எடுக்கிறவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறீர்களா? எடை முழுவதும் உங்கள் இடது தோளில் வரும். அதுதான் எனக்குத் தெரிந்தது. இரவு முழுக்க அவள் வேலையில்தான் இருந்தாள், சம்பளம் எழுதப்படாத வேலை.

ஆனால் விடியற்காலையில் ஆனா கையில் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நின்று மறைகிறாளே, அங்கே நான் தோற்றேன். எங்கள் வார்டில் போகப் போகிறவர்கள் பலரும் முந்தைய நாள் பையை எடுத்துவைக்கச் சொல்வார்கள். 'சிஸ்டர், என் பை எங்கே?' என்பார்கள். நாங்கள் கட்டிலுக்கு அடியில் காட்டுவோம். பார்த்ததும் சமாதானமாகிவிடுவார்கள்.

பழைய மேற்பார்வையாளர்

கோவைக்காரி அவர்கள் சொன்னதை யோசித்தேன். என் கருத்தில் மாற்றமில்லை. இருந்தாலும் கடைசியில் டான் பெகியின் கையைப் பிடிக்கிறானே, அதை அவன் சொன்ன நன்றி என்று வைத்துக்கொள்ளக் கூடாதா? எங்கள் காலத்தில் நாங்கள் அவ்வளவுகூடச் செய்ததில்லை.

அனுபவஸ்தன்

கையைப் பிடிப்பது இன்றைய அலுவலகங்களில் புகாருக்கு உரியது. அதற்கென்று உள்ளகக் குழு இருக்கிறது. முழு நடைமுறையையும் நாளை எழுதுகிறேன்.

நடுநிசிப் பக்கம்

வேண்டாம், நண்பரே.

மேற்பார்வையாளர் ஐயா சொன்ன இடத்துக்கே வருகிறேன். அதற்குச் சற்று முன்னால், காலையில் டான் ஒருவழியாகக் கலிஃபோர்னியாவுக்குப் பேசுகிறான். பேசிவிட்டுப் பெகி முன்னால் உடைந்து அழுகிறான். என்னை உண்மையாகத் தெரிந்திருந்த ஒரே ஆள் போய்விட்டாள் என்கிறான். அது உண்மையில்லை என்கிறாள் அவள். பிறகு குளித்து, சட்டை மாற்றி, மேசையில் உட்கார்ந்து படம் வரைகிறான். ஒரே காலை.

நானும் மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டேன் என்றேனே, அதை முழுதாக எழுதவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து கூப்பிட்டேன். கீழே அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது, படி அதிர்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா பதினொன்றரைக்குப் போயிருந்தார். அவன் முதலில் கூப்பிட்டபோது உயிரோடு இருந்திருக்கிறார். காதில் வைத்துப் பேசச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். அண்ணன் முதலில் கேட்டது இதைத்தான்:

'வேலை முடிந்ததா, தம்பி?'

முடிந்தது என்றேன்.